கோபுரத்திலிருந்து வெளியே வந்த முகம்

என்னிடம் ஒரு சின்னப் படம் இருக்கிறது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய தாள், அவ்வளவுதான். ஏதோ ஒரு பழைய பிரெஞ்சுப் புத்தகத்திலிருந்து பிரித்தெடுத்த பக்கம். இடது ஓரத்தில் பைண்டிங் தையலின் துளைகள் இன்னும் தெரிகின்றன. தாளெங்கும் பழுப்புப் புள்ளிகள். நடுவில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த ஒரு பெண்ணின் உருவம். தலையில் இறகு வைத்த தொப்பி, கழுத்தைச் சுற்றி விறைப்பாக நிற்கும் லேஸ் காலர், முத்துமாலை. கீழே அவர் பெயர்: அங்கூலேம் டச்சஸ், பதினாறாம் லூயியின் மகள்.

மரீ தெரேஸ் ஷார்லோத். பிரெஞ்சுப் புரட்சியின்போது பாரிஸில் டெம்பிள் என்ற சிறைக் கோபுரத்தில் அடைக்கப்பட்ட அரச குடும்பத்தினர் ஐந்து பேர். அப்பாவும் அம்மாவும் அத்தையும் கில்லட்டினில் இறந்தார்கள். தம்பி உள்ளேயே இறந்தான். உயிரோடு வெளியே வந்தது இவர் ஒருவர்தான்.

அம்மாவான அரசி மரீ அந்துவானெத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அவருடைய மகளைப் பற்றி நம் மொழியில் அதிகம் யாரும் பேசுவதில்லை. பேசினாலும் "சிறையில் தவித்த அனாதைச் சிறுமி" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். சிறையிலிருந்து வந்த பிறகு அவர் இன்னும் ஐம்பத்தாறு வருடம் வாழ்ந்தார். இந்தப் படத்தில் இருப்பது அந்த ஐம்பத்தாறு வருடத்துப் பெண். அவர் முகத்தைப் பார்த்து அன்றைய பாரிஸே ஏமாற்றம் அடைந்தது. அந்த ஏமாற்றத்தின் மேல் எனக்கு நெடுநாளாகவே கோபம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மாதிரிப் படங்களை லென்ஸ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரிவதெல்லாம் கிட்டே போனால் கறுப்பு வேலைப்பாடாகப் பிரிந்துவிடும். உடையில் நீளக் கோடுகள். துணி மடியும் இடத்தில் கோடுகளின் மேல் குறுக்குக் கோடுகள். முகத்துக்கு வந்தால் கோடே கிடையாது, எல்லாம் புள்ளி. கோலத்துக்கு வைக்கிற புள்ளி மாதிரி வரிசையாக இல்லாமல், தாடைப் பக்கம் நெருக்கமாகவும் பெரிதாகவும், கன்னத்தில் ஏற ஏறச் சின்னதாகவும் இடைவெளி விட்டும் குத்தியிருக்கிறார்கள். மூக்கின் தண்டில் ஒன்றுமே இல்லை. அங்கே ஒளியாகத் தெரிவது வெறும் தாள். மேல் இமைக்கு அழுத்தமான இரண்டு வெட்டு. கீழ் இமையில் மட்டும் புள்ளிகள் சட்டென்று அடர்ந்து, கண் கொஞ்சம் வீங்கினாற்போல் இருக்கிறது. செதுக்கியவர் வேண்டுமென்றே செய்தாரா, கை அப்படிப் போய்விட்டதா என்று அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

தொழில் முறையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பளபளப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டில் கூர் உளியால் படத்தை இடவலம் மாற்றிச் செதுக்குவார்கள். உளியைத் தள்ளத் தள்ளச் செம்பு மெல்லிய இழையாக எழும்பி வரும். பிறகு தகடு முழுக்க மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிடுவார்கள். பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன் மேல் வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்தால், பள்ளத்து மை தாளுக்கு ஏறிவிடும். தகட்டின் விளிம்பும் தாளில் ஒரு தடமாகப் பதியும். செம்பு மிருதுவானது. ஒவ்வொரு அச்சுக்கும் கொஞ்சம் தேயும். ஆழமான உடைக்கோடுகள் நீடித்து நிற்கும், மெல்லிய புள்ளிகள் முதலில் அழியும். ஆகவே ஒரே தகட்டிலிருந்து ஆரம்பத்தில் எடுத்த படத்தையும் கடைசியில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் தொப்பியும் நகையும் அப்படியே இருக்கும். முகம்தான் வெளுத்திருக்கும்.

இவருடைய விஷயத்தில் தகடு தேய்வதற்கு முன்பே அந்த வேலை தொடங்கிவிட்டது. செதுக்கியவர்களில் பெரும்பாலோர் இவரை நேரில் பார்த்தவர்கள் இல்லை. யாரோ வரைந்த ஓவியத்தைப் பார்த்து ஒருவர் செதுக்க, அந்தப் படத்தைப் பார்த்து இன்னொருவர் செதுக்குவார். ஒவ்வொரு கையும் முகத்தை இன்னும் கொஞ்சம் இனிமையாக்கும். சோகமான, அழகான, மன்னிக்கிற ஓர் இளவரசி வாங்குகிறவர்களுக்குத் தேவைப்பட்டாள்.

மரீ தெரேஸ் பிறந்தது 1778 டிசம்பர் 19, வெர்சாய் அரண்மனையில். திருமணமாகி எட்டு வருடம் குழந்தை இல்லாத அரசிக்கு முதல் குழந்தை. அரச பிரசவம் பலர் பார்க்க நடக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். கூட்டத்தின் நெரிசலில் அரசி மயங்கியே போனார். ஆண் வாரிசு வேண்டும் என்று காத்திருந்த அரண்மனையில் பெண் பிறந்தது. நம்மூர் வீடுகளுக்கும் தெரிந்த அந்த மௌனம் அங்கேயும் இருந்தது. மன்னரின் மூத்த மகள் என்பதால் "மதாம் ரொயால்" என்ற பட்டம். சிரிக்காத பிள்ளை என்று வீட்டிலேயே செல்லப்பெயரும் உண்டு. ஓவியர் விஜே லெப்ரன் 1787இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் அரசியின் தோளோடு ஒட்டி நின்று, அம்மாவின் முகத்தையே அண்ணாந்து பார்க்கிறாள். மூத்த தம்பி (கோபுரத்தில் இறந்தவன் இவனுக்கு இளையவன்) கை காட்டுகிற தொட்டில் காலி. அதில் கிடந்திருக்க வேண்டிய கைக்குழந்தை சோஃபி அந்த வருடம்தான் இறந்திருந்தது.

நம் பக்கத்துக் கடலோரத்தோடு இந்தக் கதைக்கு ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. 1787இல் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய திப்பு சுல்தானின் மூன்று தூதர்கள், 1788 ஆகஸ்ட் 10 அன்று வெர்சாயில் பதினாறாம் லூயியைச் சந்தித்தார்கள். அப்போது இவளுக்கு ஒன்பது வயது. சரியாக நான்கு வருடம் கழித்து, 1792இல் அதே ஆகஸ்ட் 10 அன்று, அந்த மன்னர் குடியிருந்த துய்லரி அரண்மனைக்குள் ஆயுதம் ஏந்திய கூட்டம் புகுந்தது. அதற்கு மூன்றாம் நாள் குடும்பம் டெம்பிள் கோபுரத்துக்குப் போய்விட்டது.

இடையில் 1791 ஜூனில் நடந்த தப்பியோட்டம். இதைச் சுருக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் இதில் இன்னொரு செதுக்கிய முகம் வருகிறது.

ஜூன் 20 நள்ளிரவில் குடும்பம் பாரிஸை விட்டுக் கிளம்பியது. பிள்ளைகளின் ஆசிரியை மதாம் தூர்ஸேல், கோர்ஃப் சீமாட்டி என்ற ரஷ்யப் பெண்ணாக நடித்தார். அரசி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். மன்னர், வேலைக்காரர். பன்னிரண்டு வயது மரீ தெரேஸும், பெண் உடை உடுத்திய ஆறு வயதுத் தம்பியும் அந்தச் சீமாட்டியின் இரண்டு மகள்கள். என்ன செய்யப்போகிறோம் தெரியுமா என்று தம்பியிடம் கேட்டதற்கு, நாடகம் போடப்போகிறோம், அதுதான் வேஷம் கட்டியிருக்கிறோம் என்றானாம்.

சேன்த் மெனுல் என்ற ஊரில் குதிரை மாற்ற வண்டி நின்றது. அங்கே அஞ்சல் நிலையத் தலைவர் ஜான் பத்தீஸ்த் ட்ரூவே. முன்பு குதிரைப்படையில் இருந்தவர். அரசியை எங்கோ பார்த்த நினைவு அவருக்கு. உள்ளே பின்பக்கம் இருந்த பருத்த மனிதரைப் பார்த்தார். 50 லீவ்ர் அஸிஞாவில் இருந்த உருவத்தோடு அந்த முகம் அப்படியே பொருந்தியது என்று பின்னால் தேசியச் சபையில் வாக்குமூலம் தந்தார். அஸிஞா என்பது புரட்சி அரசு அச்சிட்ட காகிதப் பணம். அதில் மன்னரின் தலையைச் செதுக்கி அச்சடித்திருந்தார்கள். ட்ரூவே குதிரையில் முந்திப் போய் வரென் என்ற ஊரில் வழியை மறித்துவிட்டார். எல்லைக்குக் கொஞ்சத் தூரமே இருந்தது.

சந்தைக்குப் போகிறவர் பையிலெல்லாம் கிடந்த ஒரு சின்ன உருவப்படம் ஒரு குடும்பத்தின் விதியில் கை வைத்தது என்பதை என்னால் இன்றுவரை எளிதாகக் கடந்து போக முடியவில்லை. மன்னரின் முகத்தை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்த கலை அது. 1793 ஜனவரியில் அவர் தலை விழுந்த பிறகும் அதே கலைதான் வேலை செய்தது. வில்நெவ் என்பவர் வெளியிட்ட படத்தில், ஒரு கை மன்னரின் வெட்டுண்ட தலையை முடியைப் பிடித்துத் தூக்கிக் காட்டும். கழுத்திலிருந்து ரத்தம் சொட்டும். முடிசூடிய வித்தைக்காரர்கள் யோசிக்க ஒரு விஷயம் என்று தலைப்பு.

சிறைக்கு வருவோம். கோபுரத்தில் பெண்களுக்கு மூன்றாம் மாடி. 1793 ஜனவரி 21 அப்பா. ஜூலை 3 இரவு, எட்டு வயதுத் தம்பியை அம்மாவிடமிருந்து பிடுங்கிக் கீழ்மாடிக்குக் கொண்டுபோனார்கள். புரட்சிப் பாட்டுகளை அவனுக்குக் கற்றுக்கொடுத்துப் பாடவைப்பது மேலே கேட்கும். ஆகஸ்ட் 2 அதிகாலை, அம்மாவை வேறு சிறைக்கு மாற்றினார்கள். 1794 மே 9 இரவு, அத்தை எலிசபெத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள், மறுநாள் கொன்றார்கள். பதினைந்து வயதுப் பெண் தனியாக மிச்சம்.

அம்மா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவளிடம் யாரும் சொல்லவில்லை. அத்தை இறந்ததும் சொல்லவில்லை. காவலர்களிடம் கேட்டால் பதில் கிடையாது. ஒரு வருடத்துக்கு மேல் அந்த அறையில் பேச ஆள் இல்லாமல் இருந்தாள். அறையை ஒவ்வொரு நாளும் தானே கூட்டினாள். உடம்பு விழுந்துவிடாமலிருக்க அறைக்குள்ளேயே நடந்தாள். அத்தை போவதற்கு முன் பழக்கிவிட்ட ஒழுங்கு அது. அந்த ஒழுங்குதான் அவளைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். யாரோ இரக்கப்பட்டுத்தான் அவள் பிழைத்தாள் என்று எழுதும்போது இந்தத் துடைப்பம் விடுபட்டுப்போகிறது.

அறைச் சுவரில் அவள் எழுதிவைத்ததைப் பின்னால் பார்த்தவர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள். மரீ தெரேஸ் ஷார்லோத் உலகத்திலேயே மிகவும் துர்ப்பாக்கியசாலி, தாயைப் பற்றி ஒரு செய்தியும் கிடைப்பதில்லை, ஆயிரம் தடவை கேட்டும் தாயோடு இருக்க விடவில்லை என்று இருந்தது. இன்னோர் இடத்தில், கடவுளே, என் பெற்றோரைச் சாகடித்தவர்களை மன்னியும் என்று. முதல் வாக்கியம் எழுதியபோது அம்மா உயிரோடு இருப்பதாக நினைத்திருக்கிறாள். இரண்டாவதை எழுதும்போது தெரிந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே இருப்பது 1795 கோடை.

புரட்சியின் கொடூரக் கட்டத்தை நடத்திய ரோபஸ்பியர் விழுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, பாரிஸின் மனநிலை மாறியிருந்தது. ஜூன் 8 அன்று கீழ்மாடியில் தம்பி இறந்தான். பத்து வயது. அதன் பிறகு அவளுக்குத் துணையாக மதாம் ஷாந்தரேன் என்ற பெண்ணை அனுப்பினார்கள். அம்மா, அத்தை, தம்பி என்று ஒவ்வொருவராக அவள் கேட்க, எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டி வந்தது அந்தப் பெண்ணுக்குத்தான். இத்தனை நாள் பேசாமலிருந்ததில் அவளுக்குச் சொற்கள் சரியாக வாயில் வரவில்லை. பேச்சைத் திரும்பப் பழக்க வேண்டியிருந்தது. அந்தக் கரகரப்பு குரலில் கடைசிவரை போகவில்லை.

கோபுரத்தின் தோட்டத்தில் நடக்க அனுமதி கிடைத்தது. சுற்றியிருந்த வீடுகளின் ஜன்னல்களில் ஆட்கள் கூடினார்கள். மன்னரிடம் பணி செய்த பிரான்சுவா ஹ்யூ, தோட்டம் தெரியும்படி ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, அவளுக்குக் கேட்கும்படி பாடினார். அனாதை இளவரசியின் படங்கள் பாரிஸில் பரவ ஆரம்பித்ததும் இந்தக் காலத்தில்தான்.

அப்போது ஒருவகை மறைபடமும் புழக்கத்தில் இருந்தது. பார்வைக்கு ஒரு கல்லறைத் தாழியும் அதன் மேல் சாய்ந்து நிற்கும் அழுகை வில்லோ மரமும்தான். யாராவது கேட்டால் சாதாரண இரங்கல் படம் என்று சொல்லிவிடலாம். ஆனால் தாழியின் இரண்டு பக்க வளைவையும் உற்றுப் பார்த்தால், வெளியே விடப்பட்ட வெள்ளை இடம் ஒருவரையொருவர் பார்க்கும் இரண்டு முகங்களாகிவிடும். அப்பாவும் அம்மாவும். மரக்கிளைகளின் இடைவெளியில் பிள்ளைகள் இருவரின் பக்கவாட்டு முகங்கள். மன்னர் படத்தை வீட்டில் வைத்திருந்தால் ஆபத்து என்ற நாளில், செதுக்காமல் விட்ட இடத்தில் மன்னர் குடும்பத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். இந்தக் கலையில் நான் பார்த்த வேலைகளிலேயே மனத்தை அதிகம் தொட்டது இதுதான்.

1795 டிசம்பர் 18 நள்ளிரவு, பதினேழாவது பிறந்தநாள் தொடங்கும் வேளையில் அவளை வெளியே கொண்டுவந்தார்கள். கருணையினால் அல்ல, கைதிப் பரிமாற்றம். அம்மாவின் பிறந்தவீடான ஆஸ்திரியா பிடித்துவைத்திருந்த பிரெஞ்சுக்காரர்களுக்குப் பதிலாக, பாசல் நகரத்துக்கு அருகே ஆஸ்திரியரிடம் ஒப்படைத்தார்கள். விடுதலையானவர்களில் முன்னாள் போர் அமைச்சர் இருந்தார், தேசிய மாநாடு என்ற புரட்சிக்காலச் சட்டமன்றத்தின் உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ட்ரூவே. ஆம், வரென் வழியை மறித்த அதே அஞ்சல்காரர். உறுப்பினராகிப் போர்முனைக்குப் போய் 1793இல் பிடிபட்டிருந்தார். அப்பாவின் முகத்தைப் பணத்தாளில் அடையாளம் கண்டவரும் மகளும் ஒரே ஒப்பந்தத்தில் ஆளுக்கொரு பக்கம் விடுதலையானார்கள்.

அடுத்த பதினெட்டு வருடத்தை வேகமாகக் கடந்துவிடலாம். வியன்னாவில் மூன்று வருடத்துக்கு மேல். ஆஸ்திரியப் பேரரசர் தன் தம்பிக்கு மணமுடிக்க விரும்பினார், இவர் ஒப்பவில்லை. 1799இல் இன்றைய லாத்வியாவிலுள்ள மித்தாவில் அங்கூலேம் கோமகனைக் கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை சித்தப்பா மகன். நம் முறைப்படி பார்த்தால் அண்ணன், ஆனால் ஐரோப்பிய அரச குடும்பங்களில் அது சாதாரணம். குழந்தை இல்லை. வார்சா, மறுபடி மித்தாவ், பிறகு இங்கிலாந்தில் ஹார்ட்வெல் மாளிகை என்று நாடு நாடாக அலைச்சல். நெப்போலியன் விழுந்ததும் 1814 மே 3 அன்று சித்தப்பா பதினெட்டாம் லூயியோடு பாரிஸுக்குள் நுழைந்தார். (1816இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் திருப்பித் தந்ததும் இந்தச் சித்தப்பாவின் அரசிடம்தான்.)

பாரிஸ் எதிர்பார்த்திருந்தது படத்திலிருந்த பெண்ணை. வந்தவருக்கு வயது முப்பத்தைந்து. இங்கிலாந்து பாணியில் எளிய உடை. கரகரத்த குரல், வெடுக்கென்ற பேச்சு, சிவந்த கண்கள், சட்டென்று சிரிக்காத முகம். அன்று நேரில் பார்த்து எழுதிவைத்தவர்கள் பலருடைய குறிப்பிலும் இந்தக் குறை வருகிறது. நளினம் இல்லையாம், தாயின் கவர்ச்சி இல்லையாம். 1792 ஆகஸ்ட் 10 அன்று உயிருக்கு ஓடிய துய்லரி அரண்மனைக்குள், இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரு பெண் மறுபடி நுழைகிறார். அவர் புன்னகைக்கவில்லை என்று ஊர் குறைப்படுகிறது. சுற்றி நிற்கும் கூட்டத்தில் யார் அன்று ஈட்டி பிடித்திருந்தவர், யார் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் படங்கள் வந்தன என்று தோன்றுகிறது. இறகுத் தொப்பி, முத்து, லேஸ் எல்லாம் தாராளம். முகத்தில் புள்ளிகளைக் குறைத்துக்குறைத்துத் தாடையை உருட்டிவிட்டார்கள். கறுப்பு மைக்குச் சிவந்த கண்ணைக் காட்ட வழியில்லை, அதுவும் வசதியாகப் போயிற்று. இந்தத் தொழிலில் தலையை மாற்றுவதொன்றும் புதிதல்ல. பதினேழாம் நூற்றாண்டில் பியர் லோம்பார் செதுக்கிய ஒரு குதிரைவீரன் படத்தில், தகட்டிலிருந்த தலையைச் சுரண்டிவிட்டு வேறு தலை செதுக்கி, இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸையும் அவரை வீழ்த்திய கிராம்வெல்லையும் ஒரே குதிரையில் மாற்றிமாற்றி ஏற்றினார்கள். மரீ தெரேஸுக்கு நடந்தது அதைவிட மென்மையானது. அவர் தலைமேலேயே அவரைவிட இணக்கமான ஒருத்தியின் முகத்தை வைத்தார்கள்.

அவர் இணக்கமானவர் அல்ல. இதை நான் மறைக்க விரும்பவில்லை. 1815இல் நெப்போலியன் பக்கம் போனவர்களைத் தண்டிப்பதில் அவர் கடுமையானவர்கள் பக்கமே நின்றார். மரண தண்டனை பெற்ற லவலெத்தின் மனைவி கெஞ்சி நின்றபோது இரங்கவில்லை. நெப்போலியனின் தளபதி மார்ஷல் நேய் சுடப்பட்டதைத் தடுக்கவும் முயலவில்லை. சுவரில் மன்னிப்பு எழுதிய அதே பெண்தான். எனக்கு இது வருத்தம்தான். ஆனால் துன்பப்பட்டவர்கள் எல்லோரும் கனிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதே ஒரு கொடுமை. பதிமூன்று வயதிலிருந்து ஒரு பிள்ளையைப் பூட்டிவைத்துவிட்டு, முப்பத்தைந்தில் அவளிடம் பெருந்தன்மையைக் கேட்கிறோம். நேய்க்கு நடந்தது அநியாயம். அதைச் சொல்ல இவரைத் தேவதையாக்கவும் வேண்டாம், அரக்கியாக்கவும் வேண்டாம்.

அந்தக் கடுமையின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1815 மார்ச்சில் நெப்போலியன் எல்பா தீவிலிருந்து திரும்பி வந்தபோது இவர் போர்தோ நகரத்தில் இருந்தார். மன்னர் பாரிஸை விட்டு ஓடிவிட்டார். இவர் ஓடவில்லை. படை முகாம்களுக்கு நேரில் போய், சிப்பாய்கள் முன் நின்று, சத்தியத்தை நினைவூட்டிப் பேசினார். அவர்கள் அசையவில்லை. நகரம் அழிந்துவிடக் கூடாது என்று கடைசியில்தான் கிளம்பினார். ஏப்ரல் 1, போய்யாக் துறையில் கப்பலேறுமுன் விசுவாசிகள் ஒரு நினைவுப்பொருள் கேட்க, தொப்பியிலிருந்த இறகுகளையும் ரிப்பன்களையும் பிய்த்துக் கொடுத்தார். ஓவியர் க்ரோ அந்தக் காட்சியைப் பெரிய திரைச்சீலையில் வரைந்திருக்கிறார், போர்தோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது தெரிந்த பிறகு என் படத்திலிருக்கும் இறகுத் தொப்பியை வெறும் அலங்காரமாகப் பார்க்க முடியவில்லை.

அந்தக் குடும்பத்திலேயே ஒரே ஆண் அவள்தான் என்று நெப்போலியன் சொன்னதாக எங்கும் எழுதுகிறார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. அத்தை பழக்கிய ஒழுங்கில் தனிச்சிறையைத் தாண்டிய ஒரு பெண்ணின் துணிவுக்கு ஆண் என்ற பட்டம் எதற்கு?

1830இல் மறுபடி புரட்சி. இன்னொரு சித்தப்பாவும் மாமனாருமான பத்தாம் சார்ல்ஸ் முடி துறந்தார். ஆகஸ்டில் ஷெர்பூர் துறையிலிருந்து கப்பல். எடின்பரோ, பிராக், கோரித்ஸியா, கடைசியில் வியன்னாவுக்குத் தெற்கே ஃப்ரோஸ்டோர்ஃப். 1844இல் கணவர் இறந்தார். 1851 அக்டோபர் 19 அன்று நிமோனியாவில் இவரும். அம்மாவின் நினைவு நாளான அக்டோபர் 16 அப்போதுதான் கழிந்திருந்தது. இன்றைய ஸ்லோவேனியாவில் கொஸ்தான்யேவித்ஸா மடாலயத்தில் புதைத்திருக்கிறார்கள்.

செத்த பிறகும் முகம் விடவில்லை. ஜெர்மனியில் ஹில்ட்பர்க்ஹௌசன் ஊரருகே பல வருடம் முகத்திரையோடு மறைவாக வாழ்ந்து 1837இல் இறந்த ஒரு பெண் உண்டு. இருண்ட சீமாட்டி என்பார்கள். அவர்தான் உண்மையான இளவரசி, 1795இல் ஆள் மாறாட்டம் நடந்தது, வியன்னாவுக்குப் போனது வேறொருத்தி என்று ஒரு கதை கிளம்பி நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. சிறுவயதுப் படத்தையும் பின்னாளைய படத்தையும் பக்கத்தில் வைத்து மூக்கு வேறு, சாயல் வேறு என்று வாதாடினார்கள். யாரையும் நேரில் பார்க்காமல் படத்திலிருந்து படம் செதுக்கியவர்களின் மூக்கை வைத்து! அதற்கும் மேலே, மூன்று வருடச் சிறை ஒரு பிள்ளையின் முகத்தை மாற்றும் என்பதை ஒப்புக்கொள்வதைவிட ஆளே மாறிவிட்டார் என்று நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. 2013இல் அந்தக் கல்லறையைத் திறந்து எலும்பில் மரபணுச் சோதனை செய்தார்கள். அடுத்த வருடம் முடிவு வந்தது. அவர் மரீ தெரேஸ் இல்லை.

தம்பி விஷயத்திலும் அப்படித்தான். நான்தான் தப்பிவந்த இளவரசன் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து இவர் கதவைத் தட்டினார்கள். நௌன்டோர்ஃப் என்ற கடிகாரக்காரர் வழக்கே போட்டார். இவர் அவரைப் பார்க்க மறுத்ததைக் கல்மனம் என்றார்கள். ஆனால் 1795இல், கோபுரத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, அங்கே நடந்தவற்றை எழுதிவைத்த சிறு நூலில் தம்பியின் மரணத்தோடுதான் முடிக்கிறார். விஷம் வைத்தார்கள் என்ற வதந்தியைக்கூட அதில் ஏற்கவில்லை. அவன் ஆயுளைக் குறைத்த ஒரே விஷம் அழுக்கும், அவனை நடத்திய கொடுமையும்தான் என்று எழுதுகிறார். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் பெல்தான் எடுத்துவைத்த அந்தப் பிள்ளையின் இதயத்தை 2000ஆம் ஆண்டில் மரீ அந்துவானெத்தின் தலைமுடியோடு மரபணு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, 2004 ஜூன் 8 அன்று சேன் தெனி தேவாலயத்தில் பெற்றோருக்கு அருகே வைத்தார்கள். பதினாறு வயதில் அவள் எழுதியதில் ஒரு வரியையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.